உறையின் கறுப்பு

கத்தியைப் பற்றி நம்மிடம் சொல்லாடல்கள் ஏராளம். உறையைப் பற்றி அநேகமாக ஒன்றுமில்லை. இருக்கிற ஒன்றிரண்டும் கத்தியின் சௌகரியத்துக்காகச் சொல்லப்பட்டவை. ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்கிறோம். அங்கேயும் தகராறு கத்திகளுக்கு இடையில்தான். உறையிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் ஔவையார் இரண்டு ஆயுதச் சாலைகளைக் காட்டுகிறார். ஒன்றில் பீலியும் மாலையும் சூடி நெய் பூசிய படைக்கலங்கள். மற்றதில், நுனி முறிந்து கொல்லனின் சிறு குடிலில் கிடக்கிறவை. அரசர்கள் உண்டு, புலவர் உண்டு, ஓரமாகக் கொல்லனும் உண்டு. சரி, தோல் வேலை செய்தவன் எங்கே? அவனைப் பார்க்க 82-ஆம் பாட்டுக்குப் போக வேண்டும். மழை நாளில், பொழுது சாய்கிற நேரத்தில், தோல் வாரால் கட்டில் பின்னுகிற ஒருவனின் ஊசி அங்கே ஓடுகிறது. அரசனுடைய போரின் வேகத்துக்கு உவமை அந்த ஊசி. அந்த ஆளுக்குப் பாட்டு தருகிற பெயர் 'இழிசினன்'. எம்.ஏ. வகுப்பில் உவமை நயத்துக்காக இந்தப் பாட்டைப் படித்தோம். வேகம் வேண்டும், வேகத்துக்கு உரியவன் வேண்டாம் என்கிற இந்த ஏற்பாட்டைப் பற்றி வகுப்பில் பேச்சில்லை.

உறை செய்வதில் கடைசியாக வருகிற ஒரு வேலையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நிறமேற்றுவது, மெழுகிட்டுப் பளபளப்பாக்குவது. தோல் ஷாப்புகளில் பினிஷிங் என்று சொல்வார்கள். ஒரு பொருளைச் செய்தவனின் கைத்தடம் துடைக்கப்படுவது இந்தக் கட்டத்தில்தான். தையலின் மேடு பள்ளம், நகக் கீறல், தோலின் பழைய காயம் எல்லாம் கறுப்புக்குள்ளே போய்விடுகின்றன. வாங்குகிறவன் கைக்கு வரும்போது பொருள் யாருடைய கையும் படாதது மாதிரி இருக்கும்.

முதலில் வேலையைப் பார்ப்போம். கையால் அடித்த கத்திக்கு உறை செய்ய மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் வேண்டும். தண்ணீரில் நனைத்துக் கத்தியின் மேல் வைத்து அழுத்தினால் அந்த வடிவத்தை வாங்கிக்கொள்ளும், காய்ந்த பிறகும் விடாது. குரோமில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் வடிவம் நிற்காது. அதில் தங்குகிற உப்புகள் இரும்பைத் துருப்பிடிக்க வைப்பதும் உண்டு. பட்டைத் தோலுக்குக் கறுப்பு ஏற்றுகிற பழைய முறையில் கறுப்புச் சாயம் என்று ஒன்று கிடையாது என்பதுதான் விசேஷம். துருப்பிடித்த ஆணி, இரும்புத் தூள், ஏதோ ஒன்றைக் காடியிலே போட்டு சில நாள் வச்சா போதும். கிடைக்கிற நீர் பார்க்க ஒன்றுமில்லை, லேசாகப் பச்சையோ மஞ்சளோ கலந்த தண்ணி. அதை வெளிறிய தோலில் தடவினால் கண்ணெதிரே கறுத்துப்போகும்.

தோலுக்குள் ஏற்கெனவே பட்டையின் துவர்ப்பு இருக்கிறது. இரும்பு அதோடு சேர்ந்து, காற்றும் பட்டு, தோலின் நாருக்குள்ளேயே கறுப்பு உண்டாகிறது. பூசின கறுப்பாக இருந்தால் கையில் ஒட்டும், தேய்ந்தால் போய்விடும். இது அப்படியல்ல. பிறகு ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் புளிப்பை முறித்து, எண்ணெய் விட்டு, தேன்மெழுகும் கொழுப்பும் தேய்த்து, ஓரங்களை ஈரப்படுத்தி மரக்கட்டையால் வழுவழுவென்று ஆகிறவரை உரச வேண்டும். புளிப்பை முறிக்காமல் விட்டாலோ, இரும்பு அதிகமானாலோ, சில வருஷங்களில் தோல் முறுகி உதிரத் தொடங்கும். தடவுகிற கைக்கு அளவு தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் கைவினைக் கத்தி செய்வோர் 1970-ல் சங்கமாகத் திரண்டார்கள். அவர்களைப் போன்ற பொழுதுபோக்குக் கைவினைஞர்களிடம் இந்தக் கறுப்பு நீர் இன்று மறுபடியும் புழங்குகிறது. காடி வாசம் வீசுகிற ஒரு பூச்சியின் பெயரால் அதை வினிகரூன் என்கிறார்கள். கத்தி அடிக்கிறவரே பல சமயம் உறையும் தைக்கிறார், கறுப்பும் ஏற்றுகிறார், இரும்பில் தன் முத்திரையும் பதிக்கிறார். இரும்பு வேலையும் தோல் வேலையும் ஒரே கையில் இருக்க முடியாது என்று பொருளின் இயல்பில் எதுவுமில்லை என்பதற்கு இது போதும்.

இனி இந்தக் கறுப்பின் வம்சாவளி. அதன் மிக நெருங்கிய உறவு மை, எழுதுகிற மை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் சட்டமும் சாசனமும் ஓக் மரத்துக் காய்ப்புகளின் துவர்ப்பும் இரும்பு உப்பும் சேர்ந்த மையில்தான் எழுதப்பட்டன. தோலில் நடக்கிற அதே வினை காகிதத்தில் நடக்கிறது. லத்தீன் மொழி இந்த உறவை ஒளிக்கவில்லை. மைக்கு அத்ரமெந்தும் என்று பெயர். செருப்புத் தைப்பவர் தோலைக் கறுப்பாக்கப் பயன்படுத்திய உப்புக்கு அத்ரமெந்தும் சூதோரியும், அதாவது செருப்புத் தைப்பவரின் மை. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி இந்தப் பெயரை எழுதி வைத்திருக்கிறார். அந்த உப்பை இன்னொரு சரக்கில் கலப்படம் செய்திருந்தால், காய்ப்புச் சாற்றில் ஊறிய பாப்பிரஸ் தாள் கறுத்துக் காட்டிக்கொடுக்கும் என்றும் சொல்கிறார். ஆனால் ரோமானியர்கள் அன்றைக்கு எழுதியது புகைக்கரி மையால். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து கறுக்கிற வித்தை எழுதுகிறவனுக்கு முந்தி தைக்கிறவனிடம் தொழிலாக இருந்திருக்கிறது என்று இதை நான் வாசிக்கிறேன். அறிவு மேலிருந்து கீழே சொட்டுகிறது என்கிற நம்முடைய வரலாறெழுதியல் இங்கே கொஞ்சம் தடுமாறும்.

நம்மூரிலும் அதே கதைதான். ஓலையில் கீறி விளக்குக் கரியைத் தடவியவர்கள், காகிதம் பரவிய பிறகு கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்கள். அன்னபேதி இரும்பு உப்பு, சித்த மருத்துவக் கடையில் கிடைப்பது. காளஹஸ்தியில் கலம்காரி வரைகிறவர்கள் துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் தோய்த்துக் காயவைத்து, இரும்பையும் வெல்லத்தையும் பல நாள் ஊறவைத்த நீரால் கோடு இழுக்கிறார்கள். கோடு துணியில் விழுந்த பிறகுதான் கறுக்கிறது. அடி வினையைப் பார்த்தால் தாளும் துணியும் தோலும் ஒன்றுதான். மூன்றிலும் இந்தக் கறுப்பு தன்னைத் தாங்கியதையே மெல்லத் தின்னும். பழைய கையெழுத்துப் பிரதிகளில் எழுத்து இருந்த இடம் ஓட்டையாகிறது, பழைய கலம்காரித் துணிகளில் கறுப்புக் கோடு இருந்த இழை முதலில் நைந்துபோகிறது, உறை உதிர்கிறது.

தமிழில் 'தீட்டு' என்று ஒரு சொல். கத்தியைத் தீட்டுகிறோம், கண்ணுக்கு மை தீட்டுகிறோம், சித்திரம் தீட்டுகிறோம். தொட்டால் வருவதாகச் சொல்லப்படுவதும் தீட்டு. இவை ஒரே வேரா வேறுவேறா என்பதை மொழியியலாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: கடுக்காய் மை படிந்த விரல் கணக்கன் என்பதற்கு அடையாளம், அதே கறுப்புத் தோலிலிருந்து ஒட்டிய விரல் தள்ளி நில் என்பதற்கு அடையாளம். இரசாயனம் ஒன்றாக்கிய கைகளைப் பிரித்து வைத்தது வேறொன்று.

தொழில்கள் எல்லா இடத்திலும்தான் பிரிந்து கிடந்தன என்று இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். உண்மைதான். பாரிஸில் ஏத்தியென் புவாலோ 1268 வாக்கில் தொகுத்த தொழிற்குழு விதிகளில் அலகு அடிப்பவர், பிடி போடுபவர், உறை செய்பவர் மூவருக்கும் தனித்தனி விதிகள். லண்டனில் கத்தித் தொழிலாளர் குழுவுக்கு 1416-ல் அரச சாசனம் கிடைத்தது. உறைக்காரர் அங்கே தனித் தொழிலாகவே அறியப்பட்டார். தோல் பதனிடுகிறவர்கள் நாற்றத்துக்காக ஊரின் ஓரத்துக்கு, ஆற்றின் கீழ்ப்பக்கத்துக்குத் தள்ளப்பட்டார்கள். ஜெர்மானியப் பகுதிகளில் செத்த மாட்டை உரிப்பவர்கள் மானமற்ற தொழிலினர் என்று ஒதுக்கப்பட்டார்கள். 1731-ல் பேரரசு பல தொழில்களின் மேலிருந்த இந்தக் களங்கத்தை நீக்கியபோதும் உரிப்பவர்களுக்கு விலக்குத் தரவில்லை. ஆக, ஐரோப்பாவைச் சொர்க்கமாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை.

ஆனால் பாரிஸ் உறைக்காரருக்குத் தன் தொழிலின் விதியைப் பதிவேட்டில் ஏற்ற இடம் இருந்தது. லண்டனில் தேம்ஸ் கரைச் சேற்றிலிருந்து, ஏறத்தாழ 1150 முதல் 1450 வரையிலான கத்திகளையும் உறைகளையும் அகழ்ந்தெடுத்து 1987-ல் ஒரு பட்டியல் நூல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் கன்றுத் தோல். காற்றுப் புகாத ஈரச் சேற்றில் தோல் பிழைத்திருக்கிறது. பின்பக்கத் தையல், கீறிய கோலங்கள், முத்திரை அச்சுகள் எல்லாம் வரைந்து காட்டப்பட்டுள்ளன. நார் நூல் மக்கிப்போய் ஊசித் துளைகள் மட்டும் வரிசையாக நிற்கும் உறைகளும் உண்டு. அந்தத் துளைகளை எண்ணி, அளந்து ஒரு கல்விப்புலம் நூல் போடுகிறது. நம் அருங்காட்சியகங்களின் ஆயுத அறைகளில் பெயர்ச்சீட்டு எதைச் சொல்கிறது? வாளின் பெயர், வம்சம், நூற்றாண்டு. உறை இருந்தால் 'தோல்' என்று ஒரு சொல், பல சமயம் அதுவுமில்லை.

இங்கிருந்து நேபாளத்துக்குப் போக வேண்டும், ஏனென்றால் கத்தியும் உறையும் சாதியும் ஒரே பொருளில் இவ்வளவு வெளிப்படையாகச் சேர்ந்திருப்பது குக்ரியில்தான். வளைந்த அந்தக் கத்தி தேசத்தின் சின்னம், கூர்க்கா படைகளின் சின்னம். தசைன் பண்டிகையில் பூசை பெறுகிறது. அலகை அடிப்பவர்கள் காமி என்னும் கொல்லர் சாதியினர். உறையைச் செய்பவர்கள் சார்க்கி என்னும் தோல் தொழில் சாதியினர். இரண்டு மரப் பட்டைகளைக் குடைந்து சேர்த்து, மேலே நனைந்த எருமைத் தோலை இழுத்துப் போர்த்தி, பின்பக்கம் தைத்து, அடியில் பித்தளைக் குப்பி பொருத்துகிறார்கள். உறையின் பின்னால் இரண்டு குட்டிக் கத்திகளுக்கு இடம் இருக்கும், ஒன்று சிறு வேலைகளுக்கு, இன்னொன்று தீட்டவும் சிக்கிமுக்கியில் நெருப்பு எடுக்கவும். அணிவகுப்பில் நிற்கிற சிப்பாயின் இடுப்பில் மினுங்குவது இந்தத் தோல்தான். அலகு உறைக்குள்ளே இருப்பதால் அணிவகுப்பைப் பார்க்கிறவன் உண்மையில் பார்ப்பது சார்க்கியின் வேலையை.

1854-ல் ஜங் பகதூர் ராணாவின் ஆட்சி முலுகி ஐன் என்ற சட்டத்தொகுப்பைக் கொண்டுவந்தது. சாதி அடுக்கு முழுவதையும் அது அரசின் சட்டமாகவே எழுதிவைத்தது. இதை ஆந்திராஸ் ஹோஃபர் 1979-ல் வெளியிட்ட ஆய்வு விரிவாகப் பேசுகிறது. காமியும் சார்க்கியும் அதில் எங்கே? கையால் தண்ணீர் வாங்கக்கூடாதவர்கள், தொட்டுவிட்டால் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டியவர்கள் என்ற கடைசித் தட்டில். அந்தத் தட்டுக்குள்ளேயும் இவர்களுக்குக் கீழே இன்னும் சிலரை அடுக்கிவைத்தது சட்டம். மனுவைப் பற்றிப் பேசும்போது அது பழைய நூல், நடைமுறையில் இருந்ததா தெரியாது என்று நழுவுகிறவர்கள் உண்டு. இது பத்தொன்பதாம் நூற்றாண்டு அரசு மையால் எழுதி, முத்திரையிட்டு, தண்டனை விதித்து நடத்திய சட்டம். கூர்க்கா படைக்கு ஆள் எடுக்க ஆங்கிலேயர் எழுதிய கையேடுகளும் மகர், குருங் போன்றோரைப் போர்க்குடிகள் என்று கொண்டாடிவிட்டு இவர்களை ஏவல் சாதிகள் என்று ஒதுக்கின. படையின் சின்னத்தைச் செய்தவர்கள் படைக்குத் தகுதியில்லாதவர்கள்!

செய்தவன் வாசலைத் தாண்டக்கூடாது, அவன் செய்த பொருள் பூசை மாடம் வரைக்கும் போகலாம். எப்படி? தீட்டு பொருளில் ஒட்டுவதாக இருந்தால் முதலில் குக்ரியைத்தானே தூக்கி எறிந்திருக்க வேண்டும்? பினிஷிங் என்பதன் கருத்தியல் வேலை எனக்குப் பிடிபட்டது இங்கேதான். கறுப்பேற்றி மெழுகிட்ட பிறகு தோல் செத்த எருமையுடையதாக இல்லை, சார்க்கியுடையதாகவும் இல்லை. பளபளப்புக்கு முந்தின எல்லாமே சார்க்கியின் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. பொருள் சுத்தமாகிறது, ஆள் ஆகவில்லை.

1963-ல் வந்த புதிய முலுகி ஐன் இந்த அடுக்கைச் சட்டத்திலிருந்து எடுத்தது. 2011-ல் தீண்டாமையைக் குற்றமாக்கித் தனிச்சட்டம் வந்தது. 2020 மே மாதம் ருகும் மேற்கு மாவட்டத்தில், மேல்சாதிக் காதலியை அழைத்துவரப் போன கொல்லர் சாதி இளைஞர் ஒருவரையும் அவருடைய நண்பர்களையும் ஊர் திரண்டு துரத்தியது. ஆறு பேர் செத்தார்கள்.

சாதி அடுக்கு ஒரு பொருளுக்குள் செய்ததை ஏகாதிபத்தியச் சந்தை கடல் தாண்டிச் செய்தது. அதைப் பார்க்க நம்முடைய வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, திண்டுக்கல் போதும். ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் தோய்த்தெடுத்த நம் தோலுக்கு உலகச் சந்தையில் 'கிழக்கிந்தியத் தோல்' என்று பெயர். உறைக்கும் செருப்புக்கும் புத்தக அட்டைக்கும் ஏற்ற, வெளிறிய தோல். வெளிறி இருந்ததுதான் அதன் மதிப்பு, எந்த நிறத்தையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் நிறம் ஏற்றியது இங்கே இல்லை. பாதிப் பதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குப் போய், ஏலத்தில் விலைபோய், பெர்மாண்ட்சி போன்ற இடங்களில் சாயமும் பளபளப்பும் பெற்றது. மயிர் கழிப்பது, சதை சீவுவது, சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குவது எல்லாம் இங்கே. நிறமும் லாபமும் அங்கே. தொட்டியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகளும் ஏழை முஸ்லிம்களும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸ் மேல்தோலுக்கு இந்தத் தோல் பெருமளவில் போயிற்று. 1919-ல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீதம் வரி போட்டபோதும், பேரரசுக்குள் பதனிடுவதற்குப் போகிற தோலுக்கு வரியில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. திண்டுக்கல் தோல் ஷாப்புகளின் வாழ்க்கையை டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் 2010-ல் எழுதினார், 2012-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த உழைப்பு தமிழில் நாவலாக அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

1973-ல் இந்திய அரசு பாதிப் பதத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலும் செருப்பும் இங்கேயே ஆக வேண்டும் என்றது. நியாயமான கொள்கை. ஒருவகையில், பறிபோன நிறத்தைத் திரும்பக் கேட்டது என்றும் சொல்லலாம். ஆனால் திரும்பி வந்தது ஆணியும் காடியும் அல்ல. 1856-ல் பெர்க்கின் தாரெண்ணெயிலிருந்து ஊதாவைக் கண்டெடுத்ததிலிருந்து வளர்ந்த செயற்கைச் சாயங்கள், குரோம், உப்பு. பென்சிடின் சார்ந்த கறுப்புகள் மலிவு, ஆழம், எல்லாத் தோலிலும் பிடிக்கும். சாயத்தைக் கையாள்கிறவரின் மூத்திரப்பையில் புற்றுநோய் வரவழைக்கும். இப்படிப்பட்ட அமைன்களை வெளிவிடும் அசோ சாயங்களை ஜெர்மனி 1994-ல் தடை செய்தபோது அதன் கவலை அணிகிறவரின் தோல்மேல் இருந்தது. ஏற்றுமதி நின்றுவிடும் என்ற பயத்தோடு இங்கே தடை இறுகியது. 1997-க்குள் 112 சாயங்கள் பட்டியலில் சேர்ந்தன. நல்லதுதான், ஆனால் சாயம் கலக்குகிற உடம்பு சட்டத்தின் கண்ணில் பட, வாங்குகிற உடம்பு முதலில் அரிக்க வேண்டியிருந்தது. பாலாற்றைப் பற்றி உச்சநீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. 2015 ஜனவரி 31 அதிகாலை இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, அடுத்த கட்டடத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு 'மரபான இயற்கைச் சாயத்துக்குத் திரும்புவோம்' என்று ஒரு கூட்டம் கிளம்பும். கைவினை, பாரம்பரியம், ஆவாரம்பட்டையின் மணம் என்று கண்காட்சி வைப்பார்கள். எனக்கு அதில் சங்கடம் உண்டு. கைவினை என்னும்போது யாருடைய கை? அமெரிக்காவில் வார இறுதியில் காடியில் ஆணி ஊறப்போடுகிறவர் அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தவர், திங்கட்கிழமை விட்டுவிட்டுப் போகலாம். சார்க்கிக்கும் நம் ஊர் அருந்ததியருக்கும் அது பிறப்பின் தண்டனையாக இருந்தது. சாதி வெறும் வேலைப் பிரிவினைதான் என்ற வாதத்தை அம்பேத்கர் 1936-ல் உடைத்து, அங்கே கூறுபோடப்படுவது உழைக்கிறவர்களே என்று காட்டியது இந்தக் கொண்டாட்டக்காரர்கள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. 1927-ல் மகாத் மாநாட்டில் அவர் தம் மக்களிடம் கேட்டது செத்த மாட்டைத் தூக்காதீர்கள் என்றுதான்.

அதே சமயம் நம் தோழர்கள் சிலர் எதிர்முனைக்குப் போய்விடுகிறார்கள். தோல் வேலை இழிவின் வரலாறு மட்டுமே, அதில் அறிவென்று என்ன இருக்கிறது, அப்படியே விட்டொழிப்போம் என்கிறார்கள். இதுவும் புறநானூற்றுப் புலவரின் பார்வைதான், பக்கம் மாறியிருக்கிறது, அவ்வளவே. எவ்வளவு இரும்பு, எவ்வளவு நேரம், எப்போது புளிப்பை முறிப்பது என்பதெல்லாம் அறிவு இல்லையென்றால் கணக்கனின் மையும் அறிவில்லை, காளஹஸ்திக்காரரின் கோடும் கலையில்லை. தொழிலை விடுகிற உரிமையும் அந்தத் தொழிலில் இருந்த அறிவுக்குத் தாங்களே உரியவர்கள் என்று கோருகிற உரிமையும் ஒன்றையொன்று வெட்டுவதாக நான் நினைக்கவில்லை. விடுகிறவர்தான் தாம் விடுவது என்ன என்று சொல்லவும் தகுதியுடையவர்.

2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் ஊனா வட்டத்தில் செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித் இளைஞர்களைப் பசுக் காவலர்கள் வண்டியில் கட்டி வைத்து அடித்தார்கள், அதைப் படமும் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து சுரேந்திரநகரில் தலித்துகள் வண்டி வண்டியாகச் செத்த மாடுகளை ஏற்றி வந்து, மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். இனி நாங்கள் தொட மாட்டோம், உங்கள் தாயை நீங்களே அடக்கம் செய்துகொள்ளுங்கள் என்பது அதன் பொருள். அந்த மாடுகளை எப்படி அப்புறப்படுத்துவது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை.